மடித்து மாட்டிய படம்

அந்தப் படத்தை முதன்முதல் பார்த்த அன்று எனக்குத் தேத்தண்ணி தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

ஸ்பிரிங்வேலில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த அவவின் வீட்டு முன்னறைச் சுவரில் அது மாட்டியிருந்தது. கறுத்த மரச்சட்டம், ஒரு பொட்டுத் தூசி இல்லாத கண்ணாடி. வெள்ளையடித்த ஒரு வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். வலப்பக்கத்தில் தலையில் பூமுடி வைத்த ஒரு இளம்பெண். அவளுக்குப் பக்கத்தில், கோட்டில் பூக்கொத்துக் குத்திய ஒரு வாலிபன்.

"அம்மாவும் அப்பாவும். கலியாணத்தண்டு எடுத்தது" என்றா அவ. "அம்மாவின்ரை ஊர்ப் படம் எண்டு என்னட்டை இருக்கிறது இது ஒண்டுதான்."

"வடிவாயிருக்கு" என்றேன். வேறென்ன சொல்வது? ஆனால் என் கண் அந்தப் பொம்பிளை மாப்பிள்ளையில் நிற்கவில்லை. கலியாணப் படம் என்றால் நடுவில் ஆள் இருக்கவேணும். இதில் நடு வெறுமையாய்க் கிடந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் ஒதுங்கி நின்று உள்பக்கமாய்ச் சரிந்திருந்தார்கள். கதிரையில் ஒருவரும் இல்லை. ஒரு மனிசி துணியால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றா. இரண்டு ஆம்பிளைகளின் கையில் மெழுகுதிரி. எல்லோரும் இடுப்போடு வெட்டுப்பட்டிருந்தார்கள்.

அந்த நிலையை நான் கண்டிருக்கிறேன். எங்கள் ஊரில் செத்தவீட்டுக்குப் படம் எடுப்பார்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு அனுப்பவென்றே எடுப்பார்கள். பெட்டியை நடுவில் வைத்து, சொந்தக்காரர் இரண்டு பக்கமும் நின்று, உள்பக்கம் சரிந்து.

இனி அவ யார், நான் யார் என்று சொல்லவேணும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுபதுகளின் தொடக்கத்தில் இவரோடு யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ணுக்கு வந்து, வந்த மூன்றாம் மாதம் ஓவரோல் தைக்கிற ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். அந்தப் பெரிய கூடத்தில் சீலை உடுத்திப் பழகிய உடம்பு நான் ஒருத்திதான். எதற்கும் பயப்படுவேன். ஊசி முறிந்தால் பயம், முறியாவிட்டால் எப்போது முறியும் என்று பயம். என் மெஷினுக்கு எதிர் மெஷினில் இருந்தவதான் அவ. ஐம்பது வயது, பெரிய கை, பெரிய சிரிப்பு. தன் வேலையை இரண்டு மணிக்கே முடித்துவிட்டு, "தள்ளு லவ்" என்று என் குவியலில் பாதியை இழுத்து எடுப்பா. நாங்கள் கதைத்ததெல்லாம் இங்கிலிஷில். என் அரைகுறை இங்கிலிஷை அவ ஒருநாளும் திருத்தவில்லை, ஒருநாளும் திரும்பச் சொல்லச் சொல்லவுமில்லை. இங்கே அவவின் பேச்சை என் தமிழிலேயே எழுதுகிறேன், எனக்கு அது அப்படித்தான் கேட்டது.

தாயும் தகப்பனும் ஸ்லோவாக்கியாவிலிருந்து கப்பலில் வந்தவர்கள். வரும்போது அவவுக்கு மூன்று வயது. தாய்மொழியில் மிஞ்சியது இரண்டு செபமும் கொஞ்சத் தூசணமும். "செபத்தை விட மற்றது நல்லாய் வரும்" என்பா. தாய் இருந்தவரை ஊரைப் பற்றி வாயே திறக்கவில்லை. "மலைக்குக் கீழே" என்று மட்டும் ஒருமுறை சொன்னாவாம். மரணச் சான்றிதழிலும் நாட்டின் பெயர்தான், ஊர் இல்லை. தாயை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றுதான் அவவுக்கு உறைத்ததாம், எந்த மண்ணிலிருந்து வந்தவளைப் புதைத்தோம் என்றே தனக்குத் தெரியாதென்று.

அதிலிருந்து தேடத் தொடங்கினா. தகப்பனின் ஊர் அவரது குடியுரிமைத் தாளில் இருந்தது. அந்த ஊர்க் கோயில் பாதிரியாருக்கு எழுத, மறுமொழியும் வந்தது: ஊர்க் கிழவர்களை விசாரித்தேன், அவரது ஞானஸ்நானம் இங்கே நடந்தது உண்மை, கலியாணம் இங்கே நடக்கவில்லை, கலியாணம் பொம்பிளையின் ஊர்க் கோயிலில்தான் நடக்கும். அப்படியென்றால் அந்தக் கலியாணம் நடந்த கோயிலைக் கண்டுபிடித்தால் அம்மாவின் ஊர் கிடைக்கும். பழைய பதிவுப் புத்தகங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஆகவே கிழவர் கிழவிகளின் ஞாபகத்தைத்தான் கேட்கவேணும். சுவரில் இருந்த படத்தைச் சட்டத்தோடேயே படக்கடையில் கொடுத்துச் சின்னச் சின்னப் பிரதிகள் எடுத்து, தகப்பனின் ஊரைச் சுற்றி மலையடியில் இருந்த ஒவ்வொரு கோயிலுக்கும் அனுப்பினா. உடுப்புத் தோய்க்கிற அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு வரைபடம். எழுதிய ஊருக்கு ஒரு பென்சில் வட்டம், இல்லை என்று வந்தால் அதன் மேல் ஒரு கோடு. கடிதங்கள் ஒரு சப்பாத்துப் பெட்டியில் ஊர் வரிசையாய். பள்ளிக்கூடத்தை என்னைவிட ஒரு வருடம் பிந்தி விட்டவ இந்த ஒழுங்கை எங்கே படித்தா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

கடிதத்தை அவவுக்கு அந்த மொழியில் எழுதிக் கொடுத்தவர் எங்கள் தொழிற்சாலை மெக்கானிக். ரஷ்ய டாங்கிகள் வந்த பிறகு நாட்டைவிட்டு ஓடிவந்தவர். அங்கே எஞ்சினியர், இங்கே எங்கள் மெஷினுக்கு எண்ணெய் விடுகிறவர்.

எனக்கு அந்தக் கடிதங்களே பயம். "வெளிநாட்டுக் கடிதம் போனால் அங்கை பொலிஸ் அந்தச் சனத்தைப் பிடிக்காதோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

அவ சிரித்தா. "ஒரு கிழவி தன்ரை அம்மாவின்ரை வீட்டைத் தேடுறா. இதுக்குப் பயந்து விழுற அரசாங்கமெண்டால் விழட்டும், லவ்."

மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. "என்ரை பெயரைப் போடாதேங்கோ" என்றார்.

பல ஊர்களிலிருந்து பதிலே இல்லை. வந்த பதிலெல்லாம் ஒன்றுதான்: இப்படி ஒரு கலியாணம் இங்கே நடக்கவில்லை. ஒரு பாதிரியார், பூசைக்குப் பிறகு சனத்திடம் விசாரித்தேன், ஒருவருக்கும் தெரியாது என்று மரியாதையாய் எழுதியிருந்தார். அதன் மேலும் ஒரு கோடு விழுந்தது.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அன்று அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சனங்களிடம் அவ கலியாணத்தைக் கேட்கிறா. நடந்ததோ செத்தவீடு.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்.

"உமக்கு விசரே?" என்றார். "ஒரு மனிசி தாய் தேப்பன்ரை கலியாணப் படமெண்டு கொழுவி வைச்சிருக்கிறா. நீர் போய், அது பிரேதத்தோடை எடுத்த படம் எண்டு சொல்லப்போறீரோ?"

"பிரேதம் தெரியேல்லை. ஆனால் இருக்கு."

"தெரியாததை எப்பிடி இருக்கெண்டுறீர்?"

"நிண்ட நிலை தெரியுது."

"பேசாமல் இரும். அவ ஒருத்திதான் உமக்கு அங்கை ஆதரவு. அவவும் முகத்தைத் திருப்பினால் நாளைக்கு ஆரோடை இருந்து சாப்பிடுவீர்?"

அதுதான் என் பயமும். இரண்டு கிழமை வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பொக்கற்றுகளைத் தலைகீழாய்த் தைத்தேன். அவதான் பிரித்துத் திரும்பத் தைத்துத் தந்தா. "என்ன லவ், வீட்டிலை பிரச்சினையோ?" என்று கேட்டா. அந்தக் கேள்விக்கு என் கண் நிறைந்துவிட்டது, அவ வீட்டில் பிரச்சினைதான் என்று முடிவுகட்டி எனக்கு ஒரு கேக் செய்துகொண்டு வந்தா.

பிறகு ஒருநாள் மதியம் சாப்பாட்டு அறையில் விசா விண்ணப்பத்தை மேசையில் விரித்தா. நீண்டகாலம் வேலை செய்ததற்கான லீவு கிடைத்திருந்தது. வசந்தத்தில் போகவேணும். வாழ்க்கையில் ஒருமுறைதான் இந்தப் பயணம், முழங்கால் இனி இன்னொன்றுக்குத் தாங்காது. எந்த ஊருக்குப் போகிறாய், யாரிடம் தங்குகிறாய் என்று ஒரு கேள்வி.

"அப்பாவின்ரை ஊரை எழுதிப்போட்டு அனுப்பப்போறன்" என்றா. "அம்மாவை விட்டிட்டன்." சொல்லிவிட்டுப் பேனாவின் மூடியைத் திறந்தா. அவவின் அந்தப் பெரிய முகம் அப்படிச் சின்னதாய்ப் போனதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"இண்டைக்கு எழுதாதேங்கோ" என்றேன். "நாளைக்கு ஒரு சாமான் கொண்டு வாறன். அதைப் பார்த்திட்டு எழுதுங்கோ."

என் சூட்கேசின் அடியில், சீலைகளுக்குக் கீழே, ஒரு கடித உறை இருந்தது. நான் இங்கே வந்து ஒரு வருடத்தில் அப்பா செத்துப்போனார். போக முடியவில்லை. ஒரு மாதம் கழித்துப் படம் வந்தது. பெட்டிக்குள் அப்பா, தலைமாட்டில் அண்ணன்மார், கால்மாட்டில் அம்மா. நான் நிற்கவேண்டிய இடத்தில் சின்னம்மா. இந்த நாட்டுக்காரர் கண்டால் என்ன நினைப்பார்களோ என்று அதை ஒருவருக்கும் காட்டியதில்லை. நானே இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் அதை அவவின் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். அடுத்த மேசையில் இருந்த இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ!" என்று கதிரையை இழுத்துக்கொண்டு போனார்கள். அவ போகவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வடிவாய்ப் பார்த்தா.

"ஆர் இது?"

"என்ரை அப்பா."

என் கையைப் பிடித்துக்கொண்டா. அந்தப் பிடியில் நான் அழுதுவிட்டு அத்தோடு எழும்பியிருக்கலாம். ஆனால் சொன்னேன். "இதிலை இவை நிக்கிற நிலையைப் பாருங்கோ. நடுவைப் பாருங்கோ. உங்கடை வீட்டுச் சுவரிலையும் இப்பிடித்தான் நிக்கினம்."

கை மெதுவாய் விலகியது.

"அது என்ரை அம்மாவின்ரை கலியாணம்" என்றா.

"கீழ்ப்பாதி இல்லை. ஆரோ மறைச்சிருக்கினம்."

"அது என்ரை அம்மாவின்ரை கலியாணம், லவ்." அந்த லவ்வில் அன்பு இல்லை. எழும்பிப் போய்விட்டா.

அந்தக் கிழமை முழுக்க எதிர் மெஷின் எதிர் மெஷினாகவே இருந்தது. என் குவியல் மலைபோல் கிடந்தது. இவர், "நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்லாமல் இருந்தார். அவர் சொல்லாமல் இருந்ததே சொன்னது போல் கேட்டது. விசா விண்ணப்பம் போய்விட்டதோ என்று ஒரு பக்கம். என்னை வேலையால் நிற்பாட்டப்போகிறார்களோ என்று இன்னொரு பக்கம். நான் பிழையாய்ச் சொல்லிவிட்டேனோ என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பயம்.

சனிக்கிழமை காலையில் எங்கள் ஃபிளாட் கதவு தட்டிக் கேட்டது. அவதான். கையில் பெரிய கடைப் பை, அதற்குள் துவாயில் சுற்றிய சட்டம்.

"தனியத் திறக்க எனக்குப் பயமாயிருக்கு" என்றா. "பயத்திலை நீதானே கெட்டிக்காரி. அதுதான் வந்தனான்."

குசினி மேசையில் சட்டத்தைக் கவிழ்த்து வைத்தோம். பின்பக்கத்து ஆணிகளை இவர் கறண்டிக் காம்பால் நெம்பி எடுத்தார். உள்ளே படம் இரண்டாய் மடிந்திருந்தது. மடிப்பு பழசு, கத்திபோல் கூராய் இருந்தது. அவ அதை விரித்தா.

கீழ்ப்பாதியில் பெட்டி. பெட்டிக்குள் ஒரு இளம்பெண், வெள்ளைக் கலியாண உடுப்போடு, தலையில் மற்றவளுடையதை விடப் பெரிய பூமுடியோடு. கால்மாட்டில் ஒரு சின்னப் பெட்டை, தன் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு நேரே எங்களைப் பார்த்தபடி.

எங்கள் ஊரிலும் கலியாணமாகாத பெட்டை செத்தால் கூறைச் சீலை உடுத்தித்தான் அனுப்புவார்கள் என்று நான் மெதுவாய்ச் சொன்னேன். அவ தலையை ஆட்டினா. பிறகு, "இது கலியாணமில்லையெண்டால் அப்பா ஏன் மாப்பிள்ளை மாதிரிப் பூக்குத்திக்கொண்டு நிக்கிறார்?" என்று கேட்கவில்லை, வாலிபனின் கோட்டில் இருந்த பூக்கொத்தின் மேல் விரலை மட்டும் வைத்தா. வைத்தபடியே இருந்தா.

அதற்கு விடை சொன்னது மெக்கானிக். திங்கட்கிழமை படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நான் பட்டணத்தான்" என்று தொடங்கினார். "ஆனால் என்ரை அம்மா சொல்லக் கேட்டிருக்கிறன். கலியாணம் நிச்சயமான பெட்டை செத்தால் அவளின்ரை செத்தவீட்டைக் கலியாணம் மாதிரித்தான் செய்வினம். நிச்சயம் செய்த மாப்பிள்ளை பூக்குத்திக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்திலை நடப்பான். தங்கச்சிமார் தோழியாய் முடி வைப்பினம்."

அவ கவனமாய்க் கேட்டுக்கொண்டிருந்தா. "அப்ப அப்பா மாப்பிள்ளைதான்" என்றா. "ஆனால் அம்மாவுக்கு இல்லை."

மெக்கானிக் வாயைத் துடைத்துக்கொண்டு எண்ணெய்க் குப்பியைத் தேடினார்.

நானென்றால் அன்றோடு வரைபடத்தையும் பெட்டியையும் தூக்கி எறிந்திருப்பேன். தாய் மறைத்ததை மறைத்தபடியே விட்டிருப்பேன். அவ படக்கடைக்குப் போய், முழுப் படத்துக்கும் பிரதி எடுத்து, கோடு விழுந்த ஊர்களுக்கே முதலில் அனுப்பினா. "முதல் நான் பிழையான கேள்வி கேட்டனான்" என்றா. "அதுகளும் சரியான மறுமொழிதான் தந்திருக்குதுகள்." இந்த முறை கடிதத்தில் இரண்டே வரி: கலியாணத்துக்கு முன் செத்த இந்தப் பெண் யார்? மெழுகுதிரி பிடித்த இந்தப் பிள்ளை இருக்கிறதா?

விசா விண்ணப்பம் அந்த ஒரு வரி வெறுமையாய் அவவின் கைப்பைக்குள் கிடந்தது. கடைசித் தேதிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். ஒவ்வொரு காலையும் அவவின் முகத்தைப் பார்ப்பேன். இல்லை என்று தலையை ஆட்டுவா. நான் பிள்ளையாருக்கு நேர்ந்து வைத்தேன். மாதாவுக்கும் ஒரு மெழுகுதிரி நேர்ந்தேன், அவவின் ஆள் என்றபடியால்.

பதில் அந்த மரியாதையான பாதிரியாரிடமிருந்தே வந்தது. முதல்முறை கலியாணத்தைப் பற்றி வாயால் மட்டும் விசாரித்தவர், இந்த முறை பூசை முடிந்து படத்தையே வாசலில் காட்டினாராம். ஒரு மனிசி கையிலிருந்து பறித்து, முத்தமிட்டு, அந்தப் பிள்ளை நான்தான் என்று சொன்னாவாம்.

மெக்கானிக் மெஷின்களுக்கு நடுவில் நின்று வாசித்து வாசித்து இங்கிலிஷில் சொன்னார். செத்தவ மூத்த அக்கா. காய்ச்சலில், கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கச் செத்தவ. நிச்சயம் செய்த மாப்பிள்ளை, துக்க வருடம் முடியமுன் நடு அக்காவைக் கூட்டிக்கொண்டு பட்டணத்துக்குப் போய்ப் பாட்டு இல்லாமல் கூத்து இல்லாமல் முடித்துவிட்டான். பெட்டைகளின் தகப்பன் அவர்கள் பெயரை வீட்டில் எடுக்கவேண்டாம் என்றார். ஊரில் அப்படி ஒரு கலியாணம் நடக்கவில்லை என்று பாதிரியார் எழுதியது உண்மைதான். கடைசியில் மூத்தவளின் பெயர் இருந்தது. மெக்கானிக் அதை வாசித்துவிட்டு நிறுத்தினார். அது அவவின் பெயர்.

மெஷின்களெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவ கடிதத்தை வாங்கி, விளங்காத எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா. "அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறவ" என்றா. "புருசனையும் தன்னையும் பார்த்துக்கொண்டு, அக்காவை முதுகுப் பக்கம் வைச்சுக்கொண்டு. என்னைக் கூப்பிடேக்கையெல்லாம் அவளைக் கூப்பிட்டிருக்கிறா." பிறகு கைப்பையைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்து, என் மெஷின் பலகையிலேயே வைத்து, அந்த வரியை நிரப்பினா. எழுத்துப் பெரிதாய், அழுத்தமாய் விழுந்தது.

அவ போய் வந்த ஐந்து கிழமையும் எனக்கு நித்திரை இல்லை. ப்ளேன் விழும், பொலிஸ் பிடிக்கும், கிழவி கதவைத் திறக்கமாட்டா என்று ஒவ்வொன்றாய் நினைத்துக்கொண்டு கிடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அந்த மெழுகுதிரிப் பிள்ளை, அவவின் சின்னம்மா, பஸ் நிற்கிற இடத்தில் காலையிலிருந்து காத்து நின்றாவாம், மெலிந்த மனிசி, இவவின் அதே பெரிய கையோடு. இவவுக்கு அந்த மொழி தெரியாது, சின்னம்மாவுக்கு இங்கிலிஷ் தெரியாது. தெரிந்த இரண்டு செபத்தையும் மூத்தவளின் கல்லறையில் சேர்ந்து சொன்னார்களாம். "மிச்சத் தூசணத்தை ரெண்டு கிளாஸ் குடிச்சாப் பிறகு சொன்னனான். சின்னம்மா சிரிச்சுச் சிரிச்சுக் கதிரையாலை விழப்பாத்தா."

வந்ததும் என்னைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டா. முன்னறைச் சுவரில் புதுச் சட்டம், முன்னதை விட இரண்டு மடங்கு உயரம். மடிப்பு நடுவில் வெள்ளைக் கோடாய்த் தெரிந்தது. அன்று பக்கத்து வீட்டு மனிசியும் வந்திருந்தா. சுவரைக் கண்டதும் கையிலிருந்த பிஸ்கட் அந்தரத்தில் நின்றது.

"இது என்ரை பெரியம்மா" என்றா அவ. "இது சின்னம்மா. இது அம்மா. தேத்தண்ணிக்குப் பால் விடவோ?"

அந்தத் துணிவு எனக்கு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. ஆனால் அந்தக் கிழமை அப்பாவின் படத்தைச் சூட்கேசிலிருந்து எடுத்துச் சாமி அலுமாரிக்குள், பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆட்கள் வந்தால் அலுமாரிக் கதவைச் சாத்திவிடுவேன். அவ வந்தால் மட்டும் சாத்துவதில்லை. அவ செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அங்கே போய், "எப்பிடி இருக்கிறார் அப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் கதிரையில் இருப்பா.